ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்துக்கு மட்டும் ஆகஸ்ட் 8 விடுமுறையாமே, ஏன்?

ஆமாம், அந்த நகர எல்லைக்குள் மட்டும்தான். பக்கத்து ஊரில் கடைகள் திறந்திருக்கும்.

1629 ஆகஸ்ட் 8 அன்று, கத்தோலிக்கப் பேரரசரின் ஆணையால் ஆக்ஸ்பர்க்கின் புராட்டஸ்டண்ட் போதகர்களுக்குப் பிரசங்கம் செய்யத் தடை வந்தது. முப்பதாண்டுப் போர் 1648இல் முடிந்ததும் அவர்களுக்கு வழிபாட்டு உரிமை திரும்பக் கிடைத்தது. தடை விதித்த அதே தேதியில் 1650 முதல் அமைதி விழா கொண்டாட ஆரம்பித்தார்கள். அப்புறம் 1950 முதல் அது சட்டப்படி விடுமுறை ஆனது.

விழாவைவிட எனக்கு வியப்பளிப்பது அந்தப் போரை முடித்த 1648 உடன்படிக்கை செய்த ஏற்பாடு. நகரப் பதவிகளைக் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்டுகளும் சரிபாதியாகப் பகிர வேண்டும். ஊரில் எந்தத் தரப்பினர் எத்தனை பேர் என்று பார்க்கவே இல்லை. எரிச்சல்கள் நிறைய இருந்திருக்கும், ஆனாலும் ஒரே ஊரில் இரு தரப்பும் சேர்ந்து வாழ்ந்தார்கள்.

இதே ஊரில்தான் வணிகர் யாக்கோப் ஃபுக்கர் 1521இல் ஏழைகளுக்காக நிறுவிய ஃபுக்கெரை குடியிருப்பு இருக்கிறது. இன்றும் ஆட்கள் வசிக்கிறார்கள். ஆண்டு வாடகை 88 சென்ட், ஒரு யூரோகூட இல்லை! ஆனால் உள்ளூர்க் கத்தோலிக்கராகவும் வசதி குறைந்தவராகவும் இருக்க வேண்டும், ஃபுக்கர் குடும்பத்துக்காகத் தினமும் மூன்று முறை ஜெபிக்கவும் வேண்டும். சரிபாதி ஏற்பாடு இந்த வாசலுக்குள் நுழையவில்லை.