புதிய கொம்பக்ட் பிஸ்டலை இடுப்பில் கட்டுமுன் எத்தனை ரவை சுட்டுப் பழக்க வேண்டும்?

கேள்வி: திருகோணமலையில் இருக்கிறேன். தற்பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தில் புதிய 9 மி.மீ. கொம்பக்ட் பிஸ்டல் எடுத்திருக்கிறேன். ஸ்லைட் (சுடும்போது பின்னால் ஓடித் திரும்பும் மேற்பாகம்) மிக இறுக்கம். முதல் இரண்டு மகசினிலேயே ஸ்லைட் முழுதாக மூடாமல் இரு தடவை நின்றது. 200 ரவை போனால் சரிவரும் என்கிறார்கள். அவ்வளவு ரவைக்கு எங்கே போவது?

பதில்:

200 என்பது யாரோ வாய்க்கு வந்தபடி சொன்ன கணக்கு அல்ல. அமெரிக்கப் பிஸ்டல் நிறுவனமான காஹ்ர் ஆம்ஸின் கையேட்டிலேயே, 200 ரவை சுட்ட பிறகுதான் பிஸ்டலை நம்பத்தக்கதாகக் கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. வேறு பல நிறுவனங்கள் அப்படி எதையும் கேட்பதில்லை. அந்த 200 ரவைக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, உரசும் பாகங்கள் ஒன்றோடொன்று படிந்து, புது ஸ்பிரிங் தன் நிலைக்கு வருவது. மற்றது, இந்தப் பிஸ்டலும் இந்த மகசினும் இந்த ரவையும் உங்கள் கையும் சேர்ந்து ஒழுங்காக வேலை செய்யும் என்பதற்கான சான்று. முதலாவதில் பெரும்பகுதியை ஒரு ரவைகூடச் சுடாமல் முடிக்கலாம். இரண்டாவதற்குத்தான் ரவை வேண்டும். கையில் இருப்பது கொஞ்சம் என்றால் அதை முதலாவதில் கரைக்காதீர்கள்.

சிறிய பிஸ்டல் ஏன் இப்படி அடம்பிடிக்கிறது? கிளாக் 19 பிஸ்டலின் குழல் 4 அங்குலம், அதைவிடச் சிறிய சிக் பி365 பிஸ்டலின் குழல் 3.1 அங்குலம். ஸ்லைட் சின்னதாகும்போது எடை குறைகிறது, அது பின்னால் ஓடும் தூரமும் குறைகிறது. அதே 9 மி.மீ. ரவையின் உதையைத் தாங்க ஸ்பிரிங்கைக் கடினமாக்கியே ஆக வேண்டும். அதனால் பெரிய பிஸ்டல் பொறுத்துக்கொள்ளும் சின்னக் குறைகள், அதாவது காய்ந்த கிறீஸ், தளர்ந்த மணிக்கட்டு, வலுக்குறைந்த ரவை எல்லாம் இதில் உடனே தெரியும்.

முதலில் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். ரவைகளை வேறு அறையில் வையுங்கள். மகசினை எடுத்த பிறகே ஸ்லைடை இழுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மகசினிலிருந்து அடுத்த ரவை சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் ரவை அமரும் இடம்) ஏறிவிடும். ஸ்லைடைத் திறந்தபடி பூட்டி, சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தடவிப் பாருங்கள். ஸ்ட்ரைக்கர் வகைப் பிஸ்டல்கள் (வெளியே சுத்தியல் இல்லாமல், ஸ்லைடுக்குள் ஓடும் ஊசி ரவையை அடிப்பவை) சிலவற்றைக் கழற்ற ட்ரிகரை அழுத்த வேண்டியிருக்கும். சுத்தம் செய்யும்போது நடக்கும் விபத்துகளில் நிறைய அந்த இடத்தில்தான் நடக்கின்றன. அழுத்துமுன் மறுபடியும் பாருங்கள்.

தொழிற்சாலையில் பூசுவது பல பிஸ்டல்களில் துருப்பிடிக்காமல் காக்கும் பூச்சு மட்டுமே. மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்தால் பிசுபிசுவென்று ஆகிவிடும். அதைத் துடைத்தெடுங்கள். கிளாக்கின் ஸ்லைடுக்குள் தெரியும் செப்பு நிறப் பசையை மட்டும் விட்டுவிடுங்கள், அது உராய்வைக் குறைக்க நிறுவனமே வேண்டுமென்று வைப்பது. பிறகு துப்பாக்கி ஓயில்: ஸ்லைட் ஓடும் நான்கு ரெயில்களிலும் ஒவ்வொரு சொட்டு, குழலின் வெளிப்புறத்தில் ஸ்லைடின் முன்வாயில் உரசும் இடத்தில் ஒன்று, குழலின் மேல்முதுகில் ஒன்று. ஸ்ட்ரைக்கர் ஓடும் துவாரத்தில் ஒரு சொட்டும் வேண்டாம். அங்கே ஓயில் போனால் தூசியும் கரியும் சேர்ந்து அடியை மந்தமாக்கும். தேங்காய் எண்ணெய் கூடாது, நாட்பட்டால் பிசுபிசுத்துவிடும். வேறு கிடைக்காவிட்டால் தையல் மெசின் ஓயில் ஓரளவு தாங்கும், ஆனால் சீக்கிரம் வடிந்துவிடுவதால் அடிக்கடி போட வேண்டும்.

அடுத்தது கைவேலை. இடது கையால் ஸ்லைடின் பின்பகுதியை மேலிருந்து இறுகப் பிடித்து, வலது கையால் பிடியை முன்னே தள்ளுங்கள். வெறுமனே ஸ்லைடை இழுப்பதைவிட இது இலகு. சில நாட்களில் பிரித்து 200, 300 தடவை செய்யலாம். வெறும் சேம்பரில் ஒவ்வொரு தடவையும் படாரென்று அடிபட விடாமல், கையோடு கொண்டுபோய் மூடுங்கள். இரவில் ஸ்லைடைத் திறந்து பூட்டி வைத்தால் ஸ்பிரிங் கொஞ்சம் அமரும். மகசின்களையும் நிரப்பி இரண்டு மூன்று நாள் வையுங்கள், கடைசி ரவையை ஏற்றப் பெருவிரல் படும் பாடு குறையும். முடிந்ததும் ஓயிலைத் துடைத்துக் குழலின் மேல்முதுகைப் பாருங்கள். கறுப்புப் பூச்சு தேய்ந்து மெல்லிய மினுக்கம் சீராகத் தெரிந்தால் பாகங்கள் படிகின்றன. ஓரத்தில் உலோகம் நசுங்கித் தடித்திருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் ஆழமாகக் கீறியிருந்தாலோ அது பழகுவதல்ல, பழுது.

ரவை சேம்பருக்குள் ஏறும் சரிவை மணல்தாள் போட்டு மினுக்கச் சொல்லும் ஆலோசனை ஊரெல்லாம் உலாவுகிறது. கேட்காதீர்கள். சரிவின் கோணம் மாறினால் திரும்பச் சரிசெய்ய முடியாது.

இனிச் சுடுவது. அனுமதி பெற்ற சுடுதளத்தில் மட்டும். நிலாவெளிக் கடற்கரையும் கன்னியாப் பக்கத்துப் பற்றைக்காடும் அதற்கான இடமல்ல. போனால் அனுமதிப்பத்திரமே போகும். காதுக்கும் கண்ணுக்கும் கவசம் கட்டாயம். மகசின்களின் அடியில் 1, 2 என்று எழுதி, எது எப்போது சிக்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மகசினில் மட்டும் சிக்கினால் குறை மகசினில்தான்.

முதல் 50 ஐ மகசினுக்கு ஐந்து ஐந்தாக, 115 அல்லது 124 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) சாதாரண ரவையால் சுடுங்கள். ரெயிலுக்கு மீண்டும் ஒரு சொட்டு ஓயில். அடுத்த 50 இல் மகசினை முழுதாக நிரப்புங்கள். கடைசி 50, நீங்கள் இடுப்பில் வைத்திருக்கப்போகும் அதே ரவை, இடையில் சுத்தம் செய்யாமல். கணக்கில் எடுக்க வேண்டியது இந்தக் கடைசி 50 தான். அது ஒரு சிக்கலும் இல்லாமல் போனால் 150 இலேயே நான் திருப்திப்படுவேன். ஒன்று சிக்கினால் காரணத்தைக் கண்டுபிடித்து அந்த 50 ஐத் திரும்ப எண்ண வேண்டும்.

உங்கள் பிரச்சினைக்கு வருவோம். ஸ்லைட் முழுதாக மூடாமல் நின்றதற்கு முதல் சந்தேகம் பழைய பூச்சு. இரண்டாவது உங்கள் கை. ஸ்பிரிங் இறுக்கம் என்று பயந்து ஸ்லைடைக் கையோடு மெதுவாகக் கொண்டுபோய் விட்டால் ரவையை ஏற்றும் வேகம் கிடைக்காது. வெறும் பிஸ்டலில் மெதுவாக மூடச் சொன்னேன், ரவை ஏற்றும்போது முழுதாக இழுத்துக் கையை எடுத்துவிட வேண்டும். நடுவில் நின்றால் பின்புறத்தை உள்ளங்கையால் ஒரு தட்டு. அதிலும் மூடாவிட்டால் மகசினை எடுத்து அந்த ரவையை வெளியே எடுங்கள், அடித்து ஏற்றாதீர்கள்.

சுட்ட ரவையின் வெற்றுக் கோது வெளியேறும் வாயில் நட்டுக்கொண்டு நின்றால் பெரும்பாலும் மணிக்கட்டு தளர்ந்திருக்கிறது அல்லது ரவை வலுக்குறைவு. பழகிய ஒருவரிடம் அதே ரவையோடு கொடுத்துப் பாருங்கள். அவருக்குச் சிக்காவிட்டால் மாற வேண்டியது உங்கள் பிடி. ரவை முடிந்தும் ஸ்லைட் திறந்து நிற்கவில்லையா? உங்கள் பெருவிரல் ஸ்லைட் நிறுத்தியை அழுத்துகிறதா என்று பாருங்கள். சிறிய பிடியில் விரலுக்கு இடம் போதாமல் இது அடிக்கடி நடக்கும்.

ட்ரிகரை அழுத்தியும் வெடிக்காவிட்டால் குழலைச் சுடும் திசையிலேயே 30 வினாடி வைத்திருங்கள், வெடி தாமதிக்கக் கூடும். வழக்கத்தைவிட மெல்லிய ‘பொப்’ சத்தம் கேட்டு உதையும் குறைந்தால் அங்கேயே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். ரவைகளை அகற்றி, கழற்றி, குழலைப் பின்பக்கமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டைத் தொடாதீர்கள், ரவைப் புகையில் ஈயம் இருக்கிறது.

200 தாண்டியும் நல்ல ரவையில், எல்லா மகசினிலும் ஒரே சிக்கல் தொடர்ந்தால் “இன்னும் பழகவில்லை” என்று ரவையைக் கொட்டாமல் விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள்.

நம் ஊருக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது உப்பு. வாடைக் காலத்து ஈரமும் இடுப்பு வியர்வையும் சேர்ந்தால் ஸ்லைடின் வரிப்பள்ளங்களிலும் குறிபார்க்கும் முனைகளிலும் முதலில் செம்புள்ளி விழும். கச்சான் அடிக்கும் மாதங்களில் அதிக ஓயில் பொடிமணலைப் பிடித்து அரைக்கும், அப்போது துடைத்து மெல்லிய படலம் மட்டும் விடுங்கள். தோல் உறைக்குள் வைத்தே பூட்டி வைக்காதீர்கள், தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்பின்மேல் வைத்திருக்கும். புது உறை மிக இறுக்கமென்றால், ரவையில்லாத பிஸ்டலை மெல்லிய பொலித்தீன் பையில் சுற்றி ஓரிரவு மட்டும் உள்ளே வைத்தால் இளகும்.

தினமும் இரவில் இறக்கிக் காலையில் ஏற்றுபவர்கள் ஒரே ரவையைத் திரும்பத் திரும்பச் சேம்பரில் ஏற்றுவார்கள். ஒவ்வொரு தடவையும் குண்டு கோதுக்குள் கொஞ்சம் உள்ளே தள்ளப்படலாம். உள்ளிடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் எகிறும். புதிய ரவையொன்றைப் பக்கத்தில் நிறுத்தி உயரத்தை ஒப்பிடுங்கள். குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுடவும் வேண்டாம், மகசினில் வைக்கவும் வேண்டாம்.