கேளுங்கள், சொல்கிறோம்: ஏரி வண்டல்

கேள்வி: இரண்டரை ஏக்கர் செம்மண் புஞ்சை. தண்ணீர் பாய்ச்சிய மறுநாளே மேல்மண் வெளுத்துவிடுகிறது. ஈரம் நிற்க ஏரி வண்டல் அடிக்கச் சொல்கிறார்கள். அள்ளினால் வழக்கு வருமா?
- வாசகர், உத்திரமேரூர்

பதில்: அனுமதியோடு அள்ளினால் வராது, மண்ணுக்குக் காசும் இல்லை. தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959-இல் 12(2)-ஆம் விதி விவசாயிகளுக்கு இதை அனுமதிக்கிறது. ஏக்கருக்கு நஞ்சை என்றால் 75 கன மீட்டர், புஞ்சை என்றால் 90. டிராக்டர் டிப்பருக்கு 3 கன மீட்டர் என்று வைத்தால், உங்கள் நிலத்துக்கு 75 நடை. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான். வண்டி வாடகை உங்கள் பொறுப்பு.

2024-இல் விதியைத் திருத்தி, அனுமதி தரும் அதிகாரத்தைத் தாசில்தாருக்கே கொடுத்துவிட்டார்கள். பட்டா, அடங்கல் நகலோடு இ-சேவை வழியாக விண்ணப்பியுங்கள். அதற்கு முன் வி.ஏ.ஓ.விடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த ஏரி மாவட்ட அரசிதழ்ப் பட்டியலில் இருக்கிறதா? பட்டியலில் இல்லாத ஏரியைக் குறித்தால் மனு அங்கேயே நின்றுவிடும். ஏரியும் உங்கள் வட்டத்துக்குள் இருக்க வேண்டும்.

அள்ளுவதற்கு முன் ஏரிக்குள் பத்து இடங்களில் மண் எடுத்துக் கலந்து, அரை கிலோவை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 1 டெசிசைமனுக்குள் இருந்தால் பயமில்லை. சாயக்கழிவோ சாக்கடையோ சேரும் ஏரி என்றால் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் தொடாதீர்கள். மேலே படிந்த வண்டல் மட்டுமே வேண்டும். ஜே.சி.பி.காரர் ஆழமாகத் தோண்டினால் அடியில் கிடக்கும் சவுடுதான் வண்டியேறும். வாடகை கொடுத்து சத்தில்லாத மண்ணைக் கொண்டுவந்து கொட்டியதாகிவிடும்.

90 கன மீட்டரை ஒரு ஏக்கரில் பரப்பினால் கனம் 2 செ.மீ.யைச் சற்றுத் தாண்டும், கட்டைவிரல் அகலம்தான். குவியல்களை நெருக்கமாகவும் சீராகவும் தட்டுங்கள். மூலையில் மலைபோல் கொட்டி, பிறகு இழுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த மூலையில் மட்டும் தண்ணீர் கட்டி நிற்கும்.

கேள்வி: போன வருடம் வண்டல் அடித்தோம். கட்டி கட்டியாக இறுகி, நிலக்கடலை விட்டு விட்டு முளைத்தது. ஏன்?
- வாசகி, திருவண்ணாமலை

பதில்: ஈரத்தோடு ரோட்டவேட்டர் ஓட்டியிருப்பீர்கள். ஈரக் களி உருண்டு உருண்டு, காய்ந்ததும் செங்கல்லாகிவிடும். சித்திரையில் பரப்பி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்த கட்டி கோடை மழை பட்டதும் தானே பொலபொலவென்று உதிரும். மண் பிடியில் ஒட்டாத பதம் வந்ததும் தொழுவுரம் போட்டு உழுங்கள். வண்டலோடு கோரைக் கிழங்கும் வரும். முதல் பட்டத்தில் ஒரு களை கூடுதலாக எடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: கரிசல் காட்டுக்கு அடிக்கலாமா?
- வாசகர், விளாத்திகுளம்

பதில்: வேண்டாம். அங்கே களி ஏற்கெனவே அதிகம்.

கேள்வி: மீதி நடையைச் செங்கல் சூளைக்குக் கொடுக்கலாமா?
- பெயர் வேண்டாம்

பதில்: கூடாது. அனுமதி உங்கள் சர்வே எண்ணுக்கு மட்டும். சூளைக்குப் போகும் வழியில் பிடிபட்டால், 1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் வண்டியையே பறிமுதல் செய்யலாம். ஒழுங்காக வயலுக்கு அடிக்கும்போதும் அனுமதி நகல் ஒன்று டிரைவர் கையில் இருக்கட்டும்.