கையை மாற்றாதீர்கள், நோட்டைத் திருப்புங்கள்

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது. சீனியர் கேஜி படிக்கிறாள். கிரேயான், ஸ்பூன், பல் தேய்க்கும் பிரஷ் எல்லாமே இடது கையில்தான். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. தீபாவளிக்குத் திருநெல்வேலியிலிருந்து மாமியார் வந்தார். "பொம்பளப் பிள்ள பீச்சாங்கையில சாப்பிட்டா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்று ஆரம்பித்து, இப்போது பென்சிலையும் பிடுங்கி வலது கையில் கொடுக்கிறார். பள்ளியில் மிஸ் "மெதுவா எழுதுறா, வீட்டுல பழக்குங்க" என்கிறார். "எங்க வம்சத்துலயே யாரும் இப்படிக் கிடையாது, சின்ன வயசுலயே மாத்திட்டா முடிஞ்சுது" என்று கணவரும் சேர்ந்துகொண்டார். போன வாரம் பார்க்கிறேன், குழந்தை இடது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, வலது கையால் வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறாள். கேட்டால், "இது தப்புக் கைம்மா" என்கிறாள். மாற்றலாமா, கூடாதா? மாற்றினால் திக்குவாய் வரும் என்கிறார்களே, நிஜமா? மாமியாரிடம் எப்படிச் சொல்வது?
ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

மாற்ற வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்று சாயங்காலமே குழந்தை ஹோம்வொர்க் எழுத உட்காருவாள்.

நான் இந்த ஊரில் பல வருஷம் ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தவள். எண்பதுகளில் ஒரு பையனின் அம்மா கேட்டுக்கொண்டார் என்பதற்காக, அவன் இடது கையில் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டினேன். ரெண்டு மாதத்தில் "மாறிவிட்டான்" என்று அவன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். ஒருநாள் அவன் கையை நீட்டிச் சாக்பீஸ் வாங்கும்போது கவனித்தேன். இடது கையின் சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்கை ஓரம் முழுக்கப் பென்சில் கரி, ஈயம் பூசினாற்போலப் பளபளத்தது. நான் போர்டைப் பார்த்துத் திரும்பும்போதெல்லாம் கட்டை அவிழ்த்து இடது கையால் எழுதியிருக்கிறான். நான் இந்தப் பக்கம் திரும்பியதும் பென்சில் வலது கைக்குப் போயிருக்கிறது. எழுத்தைவிட என் முதுகைத்தான் அவன் அதிகம் கவனித்திருக்கிறான். உங்கள் பெண் கையின் மேல் உட்கார்ந்திருப்பதைப் படித்ததும் அந்தக் கரிதான் நினைவுக்கு வந்தது.

கணவரின் வம்சக் கணக்குக்கு வருவோம். உலகத்தில் ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவர் இடது கைக்காரர். அம்மா, அப்பா இருவரும் வலது கைக்காரர்களாக இருக்கும் வீட்டிலும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு இடது கைக் குழந்தை பிறக்கத்தான் செய்கிறது. பெரும்பாலான இடது கைக்காரர்கள் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள்தான். கருவில் இருக்கும்போதே ஒரு பக்கத்துக் கட்டைவிரலை அதிகமாகச் சூப்புவதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் சுமார் 4 லட்சம் பேரின் மரபணுத் தகவலை வைத்து 2019-ல் வந்த ஆய்வு, கைப்பழக்கத்தோடு சம்பந்தப்பட்ட நான்கு இடங்களை மரபணுத் தொகுதியில் காட்டியது. செல்லம் கொடுத்ததால் வந்த பழக்கம் இல்லை இது. "வம்சத்துலயே கிடையாது" என்பதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகளை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, அடித்து மாற்றிவிட்டார்கள். அடுத்த கல்யாணத்தில், ஊசியில் நூல் கோக்கும்போது எந்தச் சித்தப்பா, எந்த அத்தையின் கை முந்துகிறது என்று பாருங்கள்.

திக்குவாய் விஷயத்தில் உங்களைப் பயமுறுத்த மாட்டேன். இங்கிலாந்தின் ஆறாம் ஜார்ஜ் மன்னரை எல்லோரும் உதாரணம் சொல்வார்கள்: இடது கைக்காரர், சிறு வயதில் வலதுக்கு மாற்றினார்கள், திக்கிப் பேசினார். ஆனால் கையை மாற்றியதால்தான் திக்கு வந்தது என்று அடித்துச் சொல்ல ஆதாரம் கிடையாது. எனக்கு அந்த ஆயுதம் தேவையும் இல்லை. மூளையைப் படம் எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் ஒன்று தெரிகிறது: சிறு வயதில் மாற்றப்பட்டவர்கள் பெரியவர்களாகி வலது கையால் எழுதும்போதும், இடது கையை ஆளும் வலப்பக்க மூளை ஓய்வதில்லை. நாம் மாற்றுவது பென்சில் பிடிக்கும் கையைத்தான், உள்ளே இருக்கும் ஏற்பாட்டை அல்ல. நாலரை வயதில் 'க'வுக்குச் சுழி எங்கே என்பதே பெரிய வேலை. அதோடு, வராத கையால் அதைப் போடு என்பது இன்னொரு சுமை.

இடையில் டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று. ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை ஒரு கையை மட்டுமே நீட்டி, மறு கையைத் தொங்கவிட்டால், அல்லது இதுவரை பயன்படுத்திய கையைத் திடீரென்று தவிர்த்தால், மறு பக்கத்தில் பலவீனம் உண்டா என்று குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாலரை வயதில் நிதானமாக இடது கையைத் தேர்ந்தெடுத்திருக்கும் உங்கள் பெண்ணுக்கு அது பொருந்தாது.

ஆனால் "விட்டுவிடுங்கள், அவள் போக்கில் எழுதட்டும்" என்று நவீனமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்களே, அதுவும் எனக்குச் சம்மதமில்லை. மிஸ் சொன்ன வேகக் குறைவு நிஜமாகவே இருக்கலாம். நாம் வலது கைக்காரர்கள். நாம் பென்சிலை இடமிருந்து வலமாக இழுத்துக்கொண்டு போகிறோம். அவள் தள்ளிக்கொண்டு போகிறாள். எழுதிய எழுத்தை அவள் கையே மறைக்கிறது, அதன் மேலேயே உரசிக்கொண்டும் போகிறது. இதை அவளாகச் சரிசெய்யப் பார்த்தால் கையைக் கொக்கி மாதிரி வளைத்து வரிக்கு மேலே இருந்து எழுத ஆரம்பிப்பாள். பேங்க்கில் கையெழுத்துப் போடும் சில பெரியவர்களிடம் அந்தக் கொக்கியைப் பார்த்திருப்பீர்கள். யாரும் சொல்லித்தராததால் வந்தது அது. இடது கையால் எழுதவும் சொல்லித்தர வேண்டும்.

இன்று சாயங்காலம் இப்படிச் செய்து பாருங்கள். நோட்டை அவள் நெஞ்சுக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்துங்கள். பிறகு கடிகார முள் சுற்றும் திசையில் லேசாகத் திருப்புங்கள். இடது மேல்மூலை உயர்ந்து, வலது மேல்மூலை தாழ வேண்டும். நாம் நோட்டைச் சாய்ப்பதற்கு நேர் எதிர். மணிக்கட்டு வரிக்குக் கீழே நேராக இருக்கட்டும். பென்சிலை நம்மைவிடக் கொஞ்சம் மேலே, முனையிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் எழுதுவது கண்ணுக்குத் தெரியும். அந்த இடத்தில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டால் விரல் தானாக அங்கே நிற்கும். ஊசி மாதிரி சீவாதீர்கள். தள்ளி எழுதும் கைக்குக் கூர்முனை தாளைக் குத்திக் கிழிக்கும்.

இன்னொன்று, என் கண்ணுக்கே பத்து வருஷம் படாமல் இருந்தது. பார்த்து எழுதும் நோட்டில் மாதிரி எழுத்து எங்கே அச்சாகியிருக்கிறது? இடது ஓரத்தில். இவள் கையை வைத்ததும் அது மறைந்துவிடுகிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் கையைத் தூக்கி, எட்டிப் பார்த்து, மறுபடி வைத்து எழுதுகிறாள். மெதுவாகாமல் என்ன செய்யும்? அதே எழுத்தை வலது ஓரத்திலும் நீங்களே ஒரு தடவை எழுதிவைத்துவிடுங்கள். ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

மும்பைப் பிள்ளை என்பதால் நாளைக்கு ஹிந்தியும் மராத்தியும் வரும். அந்த எழுத்துகளின் தலைக்கோட்டை இடமிருந்து வலமாகப் போடச் சொல்வார்கள். இடது கைக்கு அதை வலமிருந்து இடமாக இழுப்பது சுலபம். கோடு கோடுதான், எந்தப் பக்கத்திலிருந்து வந்தால் என்ன, விட்டுவிடச் சொல்லுங்கள். எழுத்தைச் சில சமயம் கண்ணாடியில் தெரிவது மாதிரி திருப்பிப் போட்டாலும் பதறாதீர்கள். இந்த வயதில் வலது கைக் குழந்தைகளும் அதைச் செய்யும்.

மிஸ்ஸிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஒரே ஒரு உதவி கேளுங்கள்: பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். வலது கைப் பிள்ளைக்கு இடப்புறம் இவள் இருந்தால்தான் முழங்கையோடு முழங்கை இடிக்காது. கூடவே, நோட்டைச் சாய்த்து வைத்தால் நேராக்கிவிட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். நல்ல நோக்கத்தோடு நேராக்குகிறவர்கள் நிறைய உண்டு. நானே நேராக்கியிருக்கிறேன்.

சாப்பாட்டில் மட்டும் நான் உங்கள் மாமியார் பக்கம் பாதி சாய்வேன். சோத்தாங்கை, பீச்சாங்கை என்ற பெயர்களே சொல்கின்றனவே, இது சுத்தம் சம்பந்தப்பட்ட பழைய ஏற்பாடு என்று. சோப்பும் குழாய்த் தண்ணீரும் வந்த வீட்டிலும் பந்தி என்று ஒன்று இருக்கிறது, கோயிலில் பிரசாதம் வாங்கும் முறை என்று ஒன்று இருக்கிறது. சோற்றைப் பிசைந்து வாயில் போடுவதற்கு எழுத்துக்கு வேண்டிய நுணுக்கம் தேவையில்லை. இடது கையால் எழுதி வலது கையால் சாப்பிடுகிறவர்கள் நம் வீடுகளில் ஏராளம். வேலைக்கு ஒரு கை என்பது அதிசயமும் அல்ல. உங்கள் ஊர்க்காரர் சச்சின் டெண்டுல்கர் எழுதுவது இடது கையால், மட்டை பிடித்தது வலது கைக்காரராக. அதனால் பிரசாதத்துக்கு வலது கையை நீட்டச் சொல்லிக் கொடுங்கள், வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுப்பது போல. கையால் சாப்பிடும்போது வலதை ஒருமுறை நினைவுபடுத்துங்கள். அழுதால், சாப்பாட்டை வெறுத்தால், அந்த நிமிஷமே விட்டுவிடுங்கள். இடது கையால்தான் சாப்பிடுவாள் என்றானால், கழுவுவதற்கு வலது கையைப் பழக்குங்கள். ஸ்பூன், கிரேயான், பல் பிரஷ் எல்லாம் அவள் இஷ்டம்.

"ரெண்டு கையாலயும் எழுதப் பழக்கலாமே, காந்தி எழுதலையா" என்று யாராவது வருவார்கள். எழுதினார். 1909-ல் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலில் 'ஹிந்த் சுவராஜ்' எழுதியபோது வலது கை ஓய்ந்ததும் இடது கைக்கு மாறினார். அப்போது அவருக்கு நாற்பது வயது, கட்டாயப்படுத்தப் பக்கத்தில் யாரும் இல்லை.

இனி மாமியார். அவருக்கு என் வயதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன், அதனால் உரிமையோடு சொல்கிறேன். மரபணு, மூளைப் படம் என்று அவரிடம் ஆரம்பிக்காதீர்கள், "படிச்ச திமிரு" என்று காதை மூடிக்கொள்வார். உங்கள் கணவர் பேசட்டும், அவருடைய அம்மா. மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் இடது கைக்காரர். மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது கறுப்புச் சாந்து வைத்த பக்கம், சபையைப் பார்த்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் வாசிப்பவர் பாடகருக்கு வலப்பக்கம் உட்காருவது. அதை இடது கையால் வாசிக்கும் பிள்ளைவாள் அங்கே உட்கார்ந்தால் வலந்தலை உள்பக்கம் போய்விடும். அதனால் மிருதங்கம் இடப்பக்கம் வர, பிடில் வலப்பக்கம் போக வேண்டியிருந்தது. அவர் கையை மாற்றிக்கொள்ளவில்லை, மேடையில் ஆட்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். ஷண்முகானந்தா அரங்கத்துக்குக் கச்சேரி கேட்கப் போகும்போது மேடையைக் காட்டிச் சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும். சாமிக்கு ஆகாது என்றால், சிவன் அம்பாளுக்குக் கொடுத்த பாகம் எந்தப் பக்கம் என்று மெதுவாகக் கேட்கலாம்.

குழந்தையிடம் "தப்புக் கை" என்ற பேச்சை நீங்களே எடுத்துப் பேசிவிட வேண்டும். கீழே விளையாடும்போது மற்றப் பிள்ளைகள் 'உல்டா ஹாத்' என்பார்கள், அதாவது தலைகீழ்க் கை. வீட்டில் அதற்கு வேறு பெயர் இருக்கட்டும். "உன் எழுதுற கை" என்று சொல்லுங்கள். பாட்டியும் அந்தப் பெயரைச் சொல்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இடது கைக்கென்று செய்த கத்தரிக்கோல் ஒன்று வாங்குங்கள், ஆன்லைனில் கிடைக்கிறது. அதில் தகடுகள் மாறி அமைந்திருக்கும். சாதாரணக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் வெட்ட வேண்டிய கோடு தகட்டின் பின்னால் மறைந்துவிடும், கட்டைவிரல் அழுத்த அழுத்தத் தகடுகள் விலகும். "கிராஃப்ட் வராத பிள்ளை" என்று பெயர் வாங்குவது இப்படித்தான். புதுக் கத்தரிக்கோல் வந்ததும் குழந்தையிடம் கொடுப்பதற்கு முன்னால் மாமியாரிடம் கொடுத்து, ஒரு தாளில் பென்சிலால் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே வலது கையால் வெட்டித்தரச் சொல்லுங்கள். தாள் மடங்கும், நசுங்கும், கோடு எங்கோ போகும். "என்ன கத்தரி வாங்கியிருக்க, மொண்ணையா இருக்கு" என்பார். அதே கத்தரியைப் பேத்தி கையில் கொடுங்கள்.

அவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.