மின்சார வண்டியும் வருமான வரியும்

கேள்வி: 2025 நவம்பரில் 14.5 லட்சத்துக்கு மின்சார கார் வாங்கினேன். பேங்க் லோன் உண்டு. 'வருமான வரிச் சட்டத்தின் 80ஈஈபி பிரிவில் ஒன்றரை லட்சம் கழித்துக்கொள்ளலாம்' என்றார்கள் ஷோரூமில். ஆடிட்டர் முடியாது என்கிறார். பில்லில் 'டிசிஎஸ் 14,500' என்று வேறு இருக்கிறது. அது என்ன? நான் மாதச் சம்பளக்காரன்.
- வாசகர், வேளச்சேரி

பதில்: ஆடிட்டர் சொல்வதுதான் சரி. 80ஈஈபி சலுகைக்கு, லோன் 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31-க்குள் சாங்ஷன் ஆகியிருக்க வேண்டும். அப்படி வாங்கியவர்கள்கூட லோன் வட்டியை மட்டும்தான் வருமானத்திலிருந்து கழிக்கலாம், அதுவும் பழைய வரி முறையில் இருந்தால். ஷோரூம்காரர்கள் இன்னும் பழைய பாடத்தையே ஒப்பிக்கிறார்கள்.

ஆனால் அந்த 14,500 உங்கள் பணம், விட்டுவிடாதீர்கள். 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள எந்தக் காருக்கும் டீலர் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் வசூலிக்கும் வரி) வசூலித்து உங்கள் பான் எண்ணில் கட்ட வேண்டும். நீங்கள் முன்கூட்டியே கட்டிய வருமான வரியாக அது கணக்கில் சேரும். கட்ட வேண்டிய வரி இல்லையென்றால் ரீஃபண்டாகத் திரும்பி வரும்.

நவம்பரில் வாங்கிய காருக்கு டீலர் ஜனவரி 15-க்குள் 27ஈக்யூ என்ற டிசிஎஸ் கணக்குப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். அடுத்த 15 நாளில், வசூலித்ததற்கான 27டி சான்றிதழ் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். பிறகு வருமான வரி இணையதளத்தில் உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ்-ஐத் திறந்து, டிசிஎஸ் பகுதியில் 14,500 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பெரும்பாலும் பான் எண்ணில் ஓர் எழுத்து பிசகியிருக்கும். டீலர்தான் திருத்தப் படிவம் போட வேண்டும். அது சரியாகும் முன்பே ரிட்டர்னில் உரிமை கோரினால், கணக்கு பொருந்தாமல் நோட்டீஸ் வரும். பில் மனைவி பெயரில் இருந்தால் தொகை அவர் கணக்கில்தான் ஏறும். அவருக்கு வருமானமே இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட்டால்தான் கைக்கு வரும்.

இனி வாங்கப்போகும் சம்பளக்காரர்களுக்கு ஒன்று: ஆபீஸில் இதற்கான படிவம் கொடுத்தால், டிசிஎஸ் தொகையைக் கணக்கில் எடுத்து சம்பளத்தில் பிடிக்கும் வரியைக் குறைப்பார்கள். 2024 அக்டோபரில் வந்த வசதி இது.

கேள்வி: என் லோன் 2023 பிப்ரவரியில் சாங்ஷன் ஆனது. கார் ஹைபிரிட். 80ஈஈபி கிடைக்குமா?
- வாசகி, அண்ணா நகர்

பதில்: கிடைக்காது. முழுக்க பேட்டரியில் ஓடும் வண்டிக்கு மட்டும்தான். பெட்ரோல் டேங்க் இருந்தாலே சட்டத்தின் கண்ணில் அது மின்சார வண்டி இல்லை.

கேள்வி: லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சரக்கு ஏற்ற மின்சார ஆட்டோ வாங்கியிருக்கிறேன். எனக்கு ஏதாவது உண்டா?
- வாசகர், அம்பத்தூர்

பதில்: உங்களுக்குத்தான் நல்ல சலுகை. பெட்ரோல், டீசல் வண்டிக்குத் தேய்மானம் 15 சதவீதம்; மின்சார வண்டிக்கு 40. மூன்று லட்ச ரூபாய் வண்டியென்றால் முதல் வருஷமே 1,20,000 ரூபாயைச் செலவாகக் காட்டலாம். 2025-26 நிதியாண்டில் வண்டி அக்டோபர் 3-க்குப் பிறகு ஓட ஆரம்பித்திருந்தால் 180 நாள் தேறாது; பாதிதான், 60,000. 44ஏடி பிரிவில், விற்பனையில் இத்தனை சதவீதம் என்று உத்தேச லாபம் காட்டுபவராக இருந்தால் தேய்மானத்தைத் தனியாகக் கழிக்க முடியாது. அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.