அண்ணன் மீது வழக்கு: செலவு யார் தலையில்?

கேள்வி: உயில் எழுதாமல் 2019இல் இறந்த அப்பாவின் சொத்துக்கு நிர்வாகியான அண்ணன், கடைவீட்டு வாடகையை வாங்கிக்கொண்டு இதுவரை கணக்குக் காட்டவில்லை. வழக்குப் போட்டால் அவருடைய வழக்கறிஞர் செலவும் சொத்திலிருந்தே போகுமா? தாமதத்துக்கு வட்டி கிடைக்குமா?
– வாசகி, சுங்கை சிப்பூட்

பதில்: சொத்தின் நலனுக்காக நியாயமாக நடந்துகொண்ட நிர்வாகி தம் செலவைச் சொத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது பொது விதி, ஆனால் கணக்கை மறைத்துத் தம் ஆதாயத்துக்காக வழக்காடியவர் என்று நீதிமன்றம் கண்டால், செலவை அவரே சொந்தப் பணத்தில் கட்டும்படி உத்தரவிடலாம். நீங்கள் வென்றாலும் உங்கள் வழக்கறிஞருக்குக் கொடுத்த தொகை முழுவதும் திரும்பாது என்பதை இப்போதே மனத்தில் வையுங்கள்; பலர் ஏமாறுவது இங்கேதான்.

வட்டியைப் பொறுத்தவரை, பங்கு பிரிக்க நிர்வாகிக்குச் சட்டம் ஓராண்டு அவகாசம் தருகிறது. அது எப்போதோ கடந்துவிட்டது. தீர்ப்புத் தொகைக்கு வழக்கமாக ஆண்டுக்கு 5 விழுக்காடு, அதாவது 60,000 ரிங்கிட்டுக்கு ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் வட்டி கிடைக்கும். தீர்ப்புக்கு முந்தைய காலத்துக்கான வட்டியோ, 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி நீதிபதியின் முடிவைப் பொறுத்தது. ஆகவே அதை மனுவிலேயே தெளிவாகக் கேட்க வேண்டும்.

முதலில், வாடகை ரசீதுகளின் நகல்களைத் திரட்டிக்கொண்டு, கணக்குக் கேட்டு வழக்கறிஞர் வழியாக ஒரு கடிதம் அனுப்புங்கள். அண்ணன் அதற்குப் பதில் தராமல் இருந்தால், அந்த மௌனமே பின்னர் செலவு குறித்த வாதத்தில் உங்களுக்குக் கைகொடுக்கும்.