பழைய அலுமினிய வள்ளம்: திருத்துவதா, பழைய உலோகமாக நிறுத்துப் போடுவதா?

மட்டக்குளியில் அலுமினியத் தகட்டு வேலையும் வள்ளத் திருத்தமும் செய்பவன் என்ற முறையில், கொழும்பிலும் அதைச் சுற்றியுள்ள வாவி, களப்புக் கரைகளிலும் இருந்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நம் கரையில் கண்ணாடியிழை வள்ளங்களே மிகுதி என்பதால், அலுமினியத்தில் பழகிய கைகள் குறைவு. கண்ணாடியிழைக்குப் பொருந்தும் ஆலோசனையையே பலர் அலுமினியத்துக்கும் சொல்லிவிடுகிறார்கள். வந்த கேள்விகளில் பல அந்தக் குழப்பத்தில் பிறந்தவை.

கேள்வி (பிலியந்தலை): ஐயா, பொல்கொட வாவிக் கரையில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் 14 அடி அலுமினிய வள்ளமொன்று பல வருடங்களாகக் கிடக்கிறது. வெளியே வர்ணம் நன்றாக இருக்கிறது. உள்ளே தளப் பலகை உக்கிவிட்டது. விலை குறைவாகத்தான் சொல்கிறார்கள். வாங்கித் திருத்தலாமா?

பதில்: நல்ல வர்ணத்தைக் கண்டு மகிழவும் வேண்டாம், உக்கிய பலகையைக் கண்டு பயப்படவும் வேண்டாம். தளம், இருக்கை, மிதவைக்காக அடைத்த நுரை ஆகிய எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். தகடு போனால்தான் வள்ளம் போனது. ஆகவே தளப் பலகையில் ஒரு துண்டையாவது கழற்றிப் பார்க்க உரிமையாளர் விடுவாரா என்று முதலில் கேளுங்கள். விடாவிட்டால், அடியில் இருப்பது மோசம் என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

காற்றுப் பட்ட அலுமினியத்தின் மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்று தானாகவே உருவாகி உலோகத்தைக் காக்கிறது. ஈரம் ஊறிய நுரை, தரைவிரிப்பு, சேறு, இலைக்குப்பை ஆகியவற்றின் அடியில் காற்றுப் புகாமல் தண்ணீர் தேங்கி நிற்கும்போது அந்தப் படலம் சிதைந்து, மீண்டும் உருவாக வழியில்லாமல் போகிறது. அரிப்பு அங்கேதான் தொடங்கும். வெண்ணிறப் பொடி படிந்திருக்கும் இடங்களை மரச் செதுக்கியால் சுரண்டிவிட்டுக் குத்தூசியால் மெதுவாகக் குத்திப் பாருங்கள். ஏராவின் (அடியில் நடுவே நெடுக ஓடும் முதுகெலும்பு) இரு பக்கங்களும், வங்குகள் (உள்ளே குறுக்காக நிற்கும் விலாச் சட்டங்கள்) தகட்டில் உட்காரும் இடங்களும், எஞ்சின் மாட்டும் பின்பலகையின் அடிமூலையும் முக்கியமானவை. தூண்டிற்காரர் மறந்து விட்டுப்போன ஈயக் குண்டும் செம்புக் கம்பித் துண்டும் அடித்தளத்து உப்புநீரில் கிடந்தால், அவை கிடந்த இடத்திலேயே தகட்டில் குழி விழுந்திருக்கும். அத்தகைய வள்ளங்களில் குழிகளின் வரிசையைப் பார்த்தே குண்டுகள் உருண்டு ஒதுங்கிய பக்கத்தைச் சொல்லிவிடலாம்.

இருட்டிய பின் வள்ளத்தைக் கவிழ்த்து, உள்ளே வலுவான விளக்கொன்றை வைத்து, வெளியே நின்று பாருங்கள். ஊசித் துளைகள் எல்லாம் ஒளிப் புள்ளிகளாகத் தெரியும். இந்த அளவு வள்ளங்களில் தகட்டின் தடிப்பு பெரும்பாலும் 1.3 முதல் 2 மில்லிமீற்றர் வரைதான். ஆங்காங்கே ஆழமில்லாத குழிகள் இருந்தால் வாங்கலாம். நாலைந்து துளைகள் இருந்தாலும் ஒட்டுத் தகடு வைத்துச் சரிசெய்யலாம். உள்ளங்கை அகலத்துக்குக் குழிகள் நெருங்கி, பெருவிரலால் அழுத்தினால் தகடு உள்வாங்கும் நிலை ஏராவின் நெடுகிலும் இருந்தால், பழைய உலோக விலைக்கு மேல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

இன்னும் ஒன்று. இப்படிப்பட்ட வள்ளங்களிற் பல வெளிநாட்டில் செய்யப்பட்டவை. அமெரிக்கத் தயாரிப்பானால் பின்பக்கத்தின் வலது மேல்மூலையில் 12 எழுத்துகளும் எண்களும் கொண்ட அடையாள இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். 1980களின் நடுப்பகுதிக்குப் பின் வந்தவற்றில் அதன் கடைசி இரண்டு எண்கள் மாதிரி (மொடல்) ஆண்டைக் குறிக்கும். உள்ளே இருக்கும் ஏற்றளவுத் தகட்டில் எத்தனை பேர், எவ்வளவு குதிரைவலு என்பதும் இருக்கும். வயதை உரிமையாளரின் ஞாபகத்தில் விடாமல் அதில் வாசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (முகத்துவாரம்): அண்ணன், என்னுடைய 12 அடி வள்ளத்தில் தண்ணீர் கசிகிறது, ஆனால் எங்கே என்று பிடிபடவில்லை. தெரிந்த வெல்டிங் பாஸ் ஒருவர் எல்லா ரிவெட்டுகளையும் (தகடுகளைப் பிணைக்கும் ஆணிகள்) சுற்றி வெல்டிங் அடித்தால் ஜென்மத்துக்கும் கசியாது என்கிறார். செய்யலாமா?

பதில்: தம்பி, அந்த வேலையை மட்டும் செய்யவிடாதீர்கள். தகடு மெல்லியது, ஒரு ரிவெட்டைச் சுற்றிச் சூடேற்றினால் தகடு விரிந்து சுருங்கி, பக்கத்து ரிவெட்டுகள் தளர்ந்துவிடும். பொருத்துக்குள் இருக்கும் பழைய பசையும் எண்ணெயும் உருகிய உலோகத்தில் கலந்து, வெல்டிங் நுண்துளைகளோடு உறையும். அலுமினியம் உருகுவது 660 பாகை செல்சியசில். அதன் மேலுள்ள ஒட்சைட்டு உருகுவதோ 2,000 பாகைக்கும் மேலே. படலத்தைச் சுத்தமாக நீக்காமல் சூடேற்றினால், மேலே தோல் உருகாமல் நிற்க அடியில் தகடு ஓட்டையாகிவிடும். உண்மையாகவே வெடிப்புக்கு வெல்டிங் தேவைப்பட்டால், உருகிய உலோகத்தில் காற்றுப் படாமல் காக்கும் ஆகன் வாயுவோடு டிக் வெல்டிங் செய்பவரிடம் கொடுங்கள். பாஸிடம் ஆகன் இல்லை என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கசிவைக் கண்டுபிடிக்க வள்ளத்தை ஆற்றில் இறக்கத் தேவையில்லை. கட்டைகளின் மேல் நன்றாகத் தாங்கி வைத்து, உள்ளே நான்கு அங்குலம் தண்ணீர் விடுங்கள். அந்த நான்கு அங்குலமே 300, 400 லீற்றர், அதாவது அத்தனை கிலோ பாரம் என்பதால், தாங்குகட்டை ஏராவுக்கு மட்டுமன்றிப் பக்கங்களுக்கும் இருக்க வேண்டும். அடியைத் துடைத்துவிட்டு அரை மணிநேரம் பொறுத்து, சொட்டும் ஒவ்வொரு ரிவெட்டையும் மெழுகுப் பென்சிலால் வட்டமிடுங்கள். வட்டமிட்டவற்றை உள்ளிருந்து ஒருவர் கனமான இரும்புக் கட்டையால் அணைத்துப் பிடிக்க, மற்றவர் வெளித்தலையில் சுத்தியலால் இரண்டு மூன்று அடி கொடுத்தால், கணிசமானவை மறுபடி இறுகிவிடும். இறுகாதவற்றைத் துளையிட்டு எடுத்து, ஓரளவு பெரிய கெட்டி ரிவெட்டை, கடல் வேலைக்கான பொலியூரித்தேன் பசையில் தோய்த்து அடிக்க வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கும் பொப் ரிவெட்டின் நடுவில் துளை இருப்பதால் அது தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே ஆகாது. உள்பக்கம் கை போகாத இடமென்றால் முனை மூடிய வகையைத் தேடி வாங்குங்கள்.

இருபது, முப்பது ரிவெட் கசிவது பழைய வள்ளத்தில் இயல்பு. அதற்காக வள்ளத்தைக் கைவிட வேண்டியதில்லை. ரிவெட்டிலிருந்து ரிவெட்டுக்கு மயிர்க்கோடாக வெடிப்பு ஓடியிருந்தால் கதை வேறு. வெடிப்பின் இரு நுனிகளிலும் சிறு துளையிட்டு ஓட்டத்தை நிறுத்திவிட்டு, ஒட்டுத் தகடு வைக்கலாம்; ஆனால் அடுத்தடுத்த வங்குகளில் அதே வெடிப்பைக் கண்டால் தகடு அலைக்கு அலை வளைந்து களைத்துவிட்டது என்று பொருள். அத்தகைய வள்ளத்தை நான் பொறுப்பெடுப்பதில்லை.

கேள்வி (தெஹிவளை): அடியில் கண்ணாடியிழை பூசிவிட்டால் எல்லாக் கசிவும் ஒரேயடியாக நின்றுவிடாதா?

பதில்: நிற்காது. அலுமினியம் வெயிலில் விரியும் அளவும் கண்ணாடியிழை விரியும் அளவும் வேறு. பொலியெஸ்டர் பிசினுக்கு அலுமினியத்தில் பிடிமானமும் குறைவு. சில மாதங்களில் ஓரம் கிளம்பி, இடையில் உப்புநீர் புகுந்து, கண்ணுக்குத் தெரியாமல் தகட்டை அரிக்கும். கார் உடலுக்குப் பூசும் புட்டியும் அப்படித்தான்.

கேள்வி (வெள்ளவத்தை): எஞ்சின் மாட்டும் பின்பலகையை மாற்ற வேண்டும் என்கிறார்கள். அது அவ்வளவு முக்கியமா? என்ன பலகை போடுவது?

பதில்: முழு எஞ்சினின் பாரமும் உந்துதலும் அதன் மேல்தான். எஞ்சினின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்து, பின்பக்கம் சேர்ந்து வளைகிறதா என்று பாருங்கள். மரச் சுத்தியலால் தட்டினால் நல்ல பலகை கணீரென்று பேசும், உக்கியது மந்தமாக இருக்கும். சந்தேகம் தீராவிட்டால் உள்பக்கம், அடிவிளிம்புக்கு அருகில் மெல்லிய துரப்பணத்தால் ஒரு துளையிட்டு, வெளிவரும் தூளைக் கையில் எடுங்கள். கறுத்து ஈரமாக இருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

பிஎஸ் 1088 என்ற பிரித்தானியத் தரத்து மரைன் பிளைவுட்டை இரண்டு அடுக்காக இபொக்சியால் ஒட்டி, பழைய பலகையின் தடிப்புக்கே கொண்டுவந்து, விளிம்புகளையும் துளைகளின் உட்சுவரையும் இபொக்சியால் முற்றாக மூடுங்கள். கட்டட வேலைக்கான ஷட்டரிங் பலகையை மலிவென்று போடுபவர்கள் உண்டு; அதன் உள்ளடுக்குகளில் இடைவெளி இருப்பதால் ஓரம் வழியாகத் தண்ணீர் குடித்துவிடும். அதைவிடக் கெடுதல், பூச்சி அரிக்காதிருக்கச் செம்பு உப்பு ஏற்றிய பலகை. ஈரத்தில் அந்தச் செம்பு கசிந்து, பலகை தொடும் இடமெல்லாம் அலுமினியத்தைத் தின்னும். பலகை நூறாண்டு இருக்கும், வள்ளம்தான் இருக்காது.

கேள்வி (நீர்கொழும்பு): நானா, வாவியில் ஓடிய வள்ளத்தை நான் களப்பிலும், சில நாள் கடலிலும் ஓட்டப் போகிறேன். என்னென்ன மாற்ற வேண்டும்?

பதில்: நன்னீரில் இருபது வருடம் நிம்மதியாக இருந்த வள்ளம், உப்புநீரில் இரண்டு வருடத்தில் கெட்டுப்போகக் காரணம் பெரும்பாலும் தகடு அல்ல, தகட்டோடு சேர்ந்த வேறு உலோகங்கள். பித்தளை, செம்பு உதிரிகளை முற்றாக அகற்றுங்கள். எவர்சில்வர் போல்ட்டைத் தவிர்க்க முடியாது; ஆனால் ஒவ்வொன்றின் அடியிலும் நைலோன் வளையம் வைத்து, புரியில் பசை பூசி இறுக்குங்கள். மின்சாரத்தில் வள்ளத்தின் உடலை எதிர்க் கம்பியாகப் பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொரு விளக்குக்கும் பற்றரியிலிருந்து இரண்டு கம்பிகளும் தனித்தனியே போகட்டும். தண்ணீரிலேயே கட்டி வைப்பதானால் தகட்டுக்குப் பதிலாகத் தான் அரிபட்டுப்போகும் பலி உலோகத் துண்டு தேவை: கடலுக்கு நாகம் (துத்தநாகம்), களப்பின் உவர்நீருக்கு அலுமினியக் கலவை, நன்னீருக்கு மக்னீசியம். அதன் மேல் வர்ணம் பூசினால் அது வேலை செய்யாது.

கண்ணாடியிழை வள்ளங்களின் அடியில் பாசி பிடிக்காமல் பூசும் செம்பு கலந்த வர்ணத்தை எக்காரணம் கொண்டும் பூசாதீர்கள். வர்ண வேலையை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்; மே மாதத்துக்குப் பின் தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தில் அடிப்பூச்சு பிடிக்காது. இரும்புத் தூரிகையால் தேய்த்தால் இரும்புத் துகள் தகட்டில் பதிந்து பின்னர் அரிக்கும். உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, அன்றைக்கே எட்ச் பிரைமர் (வெற்று உலோகத்தில் பிடிக்கும் அடிப்பூச்சு) அடித்துவிட வேண்டும்.

கேள்வி (வத்தளை): வள்ளத்தோடு 25 குதிரைவலு எஞ்சினும் தருகிறார்கள். அதனால் விலை நியாயம்தானே?

பதில்: எஞ்சினுக்குத் தனி விலை, உடலுக்குத் தனி விலை பேசுங்கள். சிலிண்டர்களின் அமுக்கத்தை அளந்து, ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால், எஞ்சினை உதிரிப்பாக விலைக்கே கணக்கிடுங்கள்.

கேள்வி (மோதரை): திருத்தியபின் மீன்பிடிக்கப் பதிவு வேண்டுமா?

பதில்: வேண்டும். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின் கீழ் மீன்பிடி வள்ளங்கள் கடற்றொழில் திணைக்களத்தில் பதிவாக வேண்டும். பழைய பதிவு இருந்தால் உரிமை மாற்றும் பத்திரத்தைப் பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். திருத்த வேலை முடிந்தபின் தேடினால் விற்றவர் தொலைபேசியை எடுக்க மாட்டார்.

கேள்வி (கிராண்ட்பாஸ்): எல்லாம் பார்த்துவிட்டேன், என் வள்ளத்தின் அடி முழுவதும் குழி. இனி என்ன செய்வது?

பதில்: நிறுத்துப் போட வேண்டியதுதான், ஆனால் அப்படியே இழுத்துக்கொண்டு போகாதீர்கள். 14 அடி வள்ளத்தின் வெறும் உடல் பெரும்பாலும் 100 முதல் 150 கிலோ வரை இருக்கும். பலகை, நுரை, இரும்பு ஆணி எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் சுத்த அலுமினிய விலை கிடைக்கும். கழற்றாவிட்டால் வியாபாரி கலப்பு உலோகமென்று குறைத்துப் போடுவார். இருக்கைச் சட்டங்கள், துடுப்புக் கொளுவிகள், அணியத்து (முன்பக்க) வளையம் ஆகியவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். அதே வகை வள்ளம் வைத்திருப்பவர் யாராவது அவற்றைத் தேடிக்கொண்டுதான் இருப்பார்.