கேட்காத கேள்வி

அன்புள்ள அம்மா,

என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளியில் இருந்தவரை நைக்கி ஷூதான் வேண்டும் என்று அடம்பிடித்தவள், இப்போது ஹோக்கா என்கிறாள். அவள் தோழிகள் அடிடாஸ் சாம்பா என்கிறார்கள். நான் ஒரே செருப்பில் ஐந்து வருடம் ஓட்டியவன். இந்தத் தலைமுறைக்கு எதிலும் நிலைத்த மனமே இல்லையா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தச் செருப்புப் பெருமையைக் கழற்றி வாசலில் விடுங்கள். கையில் காசில்லாமல் ஓட்டியதைத் தவம் என்று மகளிடம் காட்டக்கூடாது.

சாம்பா வெறும் ஃபேஷன். உறைந்த தரையில் பந்தாட ஜெர்மனியில் செய்த ஷூ அது. வந்த வழியே போய்விடும். ஆனால் மகள் ஏன் மாறினாள் என்று அவளிடம் கேட்டீர்களா? கடிதத்தில் உங்கள் வருத்தம் இருக்கிறது, அவள் சொன்ன காரணம் ஒன்றுகூட இல்லை.

பெரிய நிறுவனங்களும் கேட்பதில்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஏரோபிக்ஸ் உடற்பயிற்சி வகுப்புக்குப் போனார்கள். ஓட்டக்காரர்களுக்காகத் தொடங்கிய நைக்கி, அதைப் பொருட்டாக மதிக்கவில்லை. ரீபாக் 1982இல் ஃப்ரீஸ்டைல் என்று பெண்களுக்கென்றே ஒரு ஷூ கொண்டுவந்தது. மெல்லிய தோல், வாங்கிய அன்றே காலோடு பழகிவிடும். சில வருடங்களில் அமெரிக்க விற்பனையில் ரீபாக் நைக்கியை முந்தியது. (அதே ரீபாக்கை அடிடாஸ் 2006இல் வாங்கி, பிறகு நட்டத்தில் விற்றுவிட்டது தனிக்கதை.)

பள்ளியில் நான் 400 மீட்டர் ஓடுவேன். எங்கள் ஊர்க் கடையில் கேன்வாஸ் ஷூ பையன்கள் அளவில்தான் கிடைக்கும். முன்னால் பஞ்சைத் திணித்துக்கொள்ளச் சொல்வார் கடைக்காரர். திருப்பத்தில் கால் உள்ளே வழுக்கும். குதிகால் தோல் உரிந்து ரத்தம் கசியும். கடைசியில் வெறுங்காலோடு ஓடினேன். "பெண்பிள்ளைகள் யாரும் ஷூ கேட்பதில்லை சார்" என்று அவர் என் அப்பாவிடம் சொன்னது இன்றும் எரிச்சலூட்டுகிறது. கடையில் இல்லாததை எவள் வந்து கேட்பாள்? வாடிக்கையாளர் விருப்பம் என்று அறிக்கைகளில் எழுதுகிறார்களே, அதில் பாதி, கடைத் தட்டில் இருந்தவற்றில் எதை எடுத்தார்கள் என்ற கணக்குதான். இதை நான் எத்தனை முறை எழுதினாலும் புரியாதவர்களுக்குப் புரிவதில்லை.

நைக்கி இப்போது சறுக்கியதும் தட்டில்தான். சொந்தக் கடையும் செயலியும் போதும் என்று பல கடைகளுக்குச் சரக்கை நிறுத்தியது. பழைய ஜோர்டன், டங்க் மாதிரிகளையே நிறம் மாற்றி மாற்றி விற்றது. காலியான இடத்தில் 2009இல் பிரான்ஸில் பிறந்த ஹோக்காவும், அடுத்த வருடம் சுவிட்சர்லாந்தில் பிறந்த ஆன் (On) என்ற ஷூ நிறுவனமும் வந்து உட்கார்ந்தன. 2024 ஜூனில் ஒரே நாளில் நைக்கி பங்கு ஏறத்தாழ 20 விழுக்காடு சரிந்தது. அக்டோபரில், நைக்கியிலிருந்து ஓய்வுபெற்றிருந்த எலியட் ஹில்லைத் தலைமைக்கு அழைத்து வந்தார்கள். அவர் வந்ததும் பழைய கடைக்காரர்களிடம் சமாதானம் பேசத் தொடங்கினார்.

மகளிடம் கேளுங்கள். குதிகால் வலியா, முன்பாதம் நெருக்குகிறதா, தோழிகளைப் பார்த்து வந்த ஆசையா? ஆசை என்றாலும் அந்த வயதுக்கு நியாயம்தான். மாலையில் கடைக்குப் போங்கள். பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், அளவு சரியாகத் தெரியும். விலைச்சீட்டைப் பார்த்து முகம் சுளிப்பீர்கள் என்றால் நீங்கள் வீட்டிலேயே இருங்கள், அவள் அம்மாவோடு போகட்டும்.